அத்தான் மடிந்த உயரம்

எங்கள் அலுவலகத்துக் காபி இயந்திரத்தைப் பற்றி யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. பித்தானை அழுத்தினால் சூடாக வரும். சர்க்கரையை மட்டும் நாமே போட்டுக்கொள்ள வேண்டும். அத்தானுக்கு ஒரு கரண்டி. அவருக்குக் காபி எடுத்துக்கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்த முதல் வாரம் நான் ஒன்றே கால் போட்டேன். அடுத்த வாரம் ஒன்றரை. நாக்குக்குத் தெரியாமல் ஏற்றிக்கொண்டே போய், மூன்றாவது மாதம் நான்கு கரண்டியில் நிறுத்தினேன். அவர் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை.

வக்கீல் ஐயா நடந்ததை நடந்தபடி என் கைப்பட எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் சர்க்கரையிலிருந்து தொடங்குகிறேன். கட்டிலிலிருந்து தொடங்கினால் நான் ஏதோ ஒரு நிமிட ஆத்திரத்தில் செய்துவிட்டவன் போலத் தெரியும். அந்தப் பெயர் எனக்கு வேண்டாம்.

நாங்கள் மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் மின்கட்டில் செய்கிறோம். கையில் இருக்கும் விசையை அழுத்தினால் ஏறும், இறங்கும், தலைப்பக்கம் நிமிரும், கால்பக்கம் உயரும். அத்தான் அங்கே உற்பத்தி மேலாளர். என் உடன்பிறந்த அக்காவின் கணவர். பதினொரு வருடத்துக்கு முன்னால் கணிதத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த என்னைக் கையைப் பிடித்து அழைத்துவந்து வேலையில் சேர்த்தவர் அவர்தான். பட்டறையில் அவருக்குப் ‘பெரும்புள்ளி’ என்று பெயர். நான் எந்தப் பேச்சையும் கடைசியில் ஏதாவது ஒரு புள்ளியில் கொண்டுவந்து நிறுத்துவேன் என்பதால் எனக்கு வெறும் ‘புள்ளி’. இரண்டு பெயரையும் வைத்தவர்கள் ஒரே ஆட்கள்தான். எனக்கு அதில் வருத்தம் கிடையாது.

என் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் கட்டிலில் பதினான்கு இரும்புத் தண்டுகள் இருக்கின்றன. தண்டின் நீளம் மாறாது, மூட்டு மட்டும் திரும்பும். இந்த ஒரே விஷயத்தைச் சமன்பாடாக எழுதினால் ஒரு கட்டு பல்லுறுப்புக் கோவைகள் கிடைக்கும். அவற்றை ஒருசேர நிறைவேற்றுகிற ஒவ்வொரு தீர்வும் கட்டில் நிற்கக்கூடிய ஒரு நிலை. எல்லா நிலைகளையும் ஒன்றாகச் சேர்த்தால் அது ஒரு உருவம். கண்ணால் பார்க்க முடியாது என்றாலும், கட்டில் தன் ஆயுள் முழுக்க அந்த உருவத்தின் மேலேதான் நடமாடுகிறது. மெத்தையின் உயரமும் அதன் மேல் ஒரு பல்லுறுப்புக் கோவைதான். எந்தெந்த உயரத்தில் கட்டிலின் குணம் மாறுகிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அந்த உயரங்களுக்கு மாறுநிலை மதிப்பு என்று பெயர். அங்கெல்லாம் ஒரு பூட்டு வைத்துவிட்டால் கட்டில் வேறு யோசனைக்குப் போகாமல் ஒழுங்காக இறங்கும்.

உருவம் முழுக்க வழவழவென்று இருந்தால் பள்ளிக்கூடக் கணக்கே போதும். வகைக்கெழுவைப் பூச்சியமாக்கி, விடையைக் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். எங்கள் உருவத்தில் மடிப்பும் முடிச்சும் இருந்தன. முடிச்சில் அந்தக் கணக்கு செல்லாது. அதனால் உருவத்தை அடுக்கு அடுக்காகப் பிரிக்க வேண்டும். வழவழப்பான பகுதி முதல் அடுக்கு. அதை எடுத்துவிட்டால் மடிப்புக் கோடுகள் மிஞ்சும், அவை இரண்டாவது. கோடுகள் முட்டிக்கொள்கிற இடங்கள் தனித்தனிப் புள்ளிகள். அவை கடைசி அடுக்கு. ஒவ்வொரு அடுக்கிலும் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். கடைசி அடுக்கில் மட்டும் கணக்கே வேண்டாம். ஒவ்வொரு புள்ளியின் உயரமும் கேள்வி கேட்காமல் பட்டியலில் சேர்ந்துவிடும்.

இதோடு முடிந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் மடிப்புக் கோட்டின் மேல் சில புள்ளிகள் உண்டு. தன்னளவில் ஒரு குறையும் தெரியாது. கோடு அங்கே நேராகத்தான் போகும், எதுவும் முட்டாது. பக்கத்தில் இருக்கும் பெரிய பரப்பு அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் வேறு விதமாக வந்து சேரும். புள்ளியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் அது பிடிபடாது. அண்டை அயலை விசாரிக்க வேண்டும். சில மனிதர்களும் அப்படித்தான். ஆளைப் பார்த்தால் பரம சாது, பக்கத்து வீட்டில் கேட்டால்தான் தெரியும். அப்படி ஒரு புள்ளியைத்தான் நான் கண்டுபிடித்தேன். கணினி பத்தொன்பது நாள் ஓடியது. உயரம் நாற்பத்தொன்று புள்ளி மூன்று சென்டிமீட்டர். ஏற்கெனவே கையில் ஆறு இருந்தன. இது ஏழாவது.

அத்தான் வெளியிலிருந்து வாங்கி வைத்திருந்த மென்பொருள் ஆறு என்று சொல்லியிருந்தது. அது அடுக்கைப் பிரிக்கும், அண்டை அயலை விசாரிக்காது. அதை நம்பி ‘ஆறு பூட்டு, நூறு பாதுகாப்பு’ என்று விளம்பரத் தாளும் அச்சாகிவிட்டது. அதில் அத்தானே ஒரு கையில் ஐந்து விரலும் மறு கையில் ஒரு விரலுமாக நின்று சிரிப்பார். நான் ஏழு என்று சொன்ன அன்று கூட்டத்தில் எல்லோரும் இருந்தார்கள். முதலாளி அம்மா, பூட்டு மாட்டுகிற ஃபிட்டர், மற்றவர்கள்.

“ஆறுதான் மச்சான். உன் கணக்குல ஏழு வருதுன்னா, உன் கணக்குல ஒண்ணு கூட இருக்கு” என்றார் அத்தான்.

“கூட இல்ல அத்தான். அடுக்கைச் சரியாப் பிரிச்சா ஏழுதான் வரும்.”

“பதினோரு வருஷமா உன்னைப் பாக்கறேன். வீட்டுல நாலு பேர் இருந்தா நீ அஞ்சு பேர்னு எண்ணிட்டு வர்ற ஆளு. அந்த ஏழாவது கட்டில்ல இல்லடா, உன் மண்டையில இருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அத்தான் எழுந்துபோய் வெள்ளைப் பலகையில் நான் எழுதியிருந்த ஏழாவது வரியை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, கையைத் தன் கால்சட்டையிலேயே தேய்த்துக்கொண்டார். ஃபிட்டர் மட்டும் வெளியே வந்ததும் என் தோளைத் தட்டி, “எனக்கென்னவோ ஏழுன்னுதான் படுது தம்பி” என்றார். நல்ல மனிதர்.

நானூறு கட்டில்கள் முதியோர் இல்லங்களுக்குப் போக இருந்தன. நோயாளிகளின் நலன் ஒன்றுதான் என் நோக்கம். அதை இங்கே தெளிவாக எழுதிவிடுகிறேன். யாரோ ஒரு தாத்தா நாற்பத்தொன்று புள்ளி மூன்றில் மாட்டிக்கொள்ளக் கூடாது. அதற்கு ஏழாவது பூட்டு வேண்டும். ஏழாவது பூட்டுக்கு, அத்தான் வாயால் ‘ஏழு’ என்று சொல்ல வேண்டும். எனக்கு விஷயம் அவ்வளவு எளிமையாகத்தான் தெரிந்தது.

அந்தப் புள்ளியில் கட்டிலுக்கு இரண்டு வழி. ஒன்று ஒழுங்காக இறங்குகிற வழி, மற்றது மடிகிற வழி. எந்த வழி என்பதைப் படுத்திருப்பவரின் எடை தீர்மானிக்கிறது. எண்பத்து நான்கு கிலோவுக்குக் குறைவாக இருந்தால் இறங்கிவிடும். எண்பத்து நான்கோ அதற்கு மேலோ என்றால் மடியும். அத்தான் எழுபத்தொன்பது இருந்தார். ஃபிட்டர் எண்பத்தாறு கிலோ இருக்கிறாரே, அவரைப் படுக்கவைத்துக் காட்டியிருக்கலாமே என்று வக்கீல் ஐயா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஃபிட்டர் ஏற்கெனவே ஏழு என்று ஒத்துக்கொண்டவர். அவரை மடித்து என்ன ஆகப்போகிறது?

ஆகவே ஐந்து கிலோ தேவைப்பட்டது. காபியைச் சொல்லிவிட்டேன். அவர் மேசையில் ஒரு பிஸ்கட் டப்பா வைத்தேன். அது காலியாக இருந்து அவர் பார்த்ததே இல்லை. தினமும் மூன்று மாடி ஏறுவது அவர் வழக்கம். ஒரு நாள் பின்னாலேயே ஏறி, “உங்க முட்டி சத்தம் போடுது அத்தான்” என்றேன். முட்டி சத்தம் போடவில்லை. மறுநாளிலிருந்து அவர் லிஃப்டில் போனார். சரக்கு அனுப்புகிற இடத்தில் தரையோடு தரையாக ஒரு எடை மேடை இருக்கிறது. திங்கட்கிழமை தோறும் அவரை அதன் மேல் நிற்கவைத்து, அக்கா சௌக்கியமா என்று கேட்பேன். அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் எண் நின்றுவிடும். குறித்துக்கொள்வேன்.

அக்காதான் பாவம். ஒரு சாயங்காலம் அவள் வீட்டுச் சமையலறையில் நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

“பாதி வயித்துக்குத்தாண்டா போடறேன். எண்ணெயை நிறுத்தியாச்சு, இனிப்பை நிறுத்தியாச்சு. மனுஷன் ஊதிக்கிட்டே போறார்.”

“வயசு ஆகுதில்ல அக்கா.”

“டாக்டர்கிட்ட போனோம். ரத்தம் எடுத்தாங்க, ஸ்கேன் எடுத்தாங்க. எல்லாம் சரியா இருக்குன்றாங்க. எல்லாம் சரியா இருந்தா எப்படிடா இப்படி ஆகும்? எனக்குப் பயமா இருக்கு. நீ ஆபீஸ்ல கொஞ்சம் பாத்துக்கோ.”

“நான் பாத்துக்கறேன் அக்கா” என்றேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு மனது கேட்கவில்லை. மறுநாள் சர்க்கரையில் அரைக் கரண்டி குறைத்துவிட்டேன். அந்த வாரம் எடை ஏறாமல் அப்படியே நின்றது. அதனால் திரும்பவும் ஏற்றினேன்.

நான்காவது மாதத்துக் கடைசித் திங்களன்று மேடை எண்பத்து நான்கு புள்ளி ஒன்று காட்டியது. வியாழக்கிழமை வாடிக்கையாளர்கள் வருவதாக இருந்தார்கள். புதன்கிழமை மதியம் சோதனை அறையில் ஒத்திகை. “நீங்களே படுத்துக் காட்டினா முதலாளி அம்மாவுக்குப் பெருமையா இருக்கும்” என்றேன். அத்தானுக்கும் அது பிடித்திருந்தது. சோதனை அறைக்குள் யாரும் செருப்போடு வரக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அவரே முதலில் காலணியைக் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைத்தார். தலையணையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மல்லாந்து படுத்தார். விசை என் கையில் இருந்தது.

எழுபத்தாறில் முதல் பூட்டு, எழுபதில் இரண்டாவது என்று ஒவ்வொன்றாக ‘டக்’ ‘டக்’ என்று விழுந்தன. ஒவ்வொரு சத்தத்துக்கும் அத்தான் ஒரு விரலை மடக்கினார். ஐம்பத்திரண்டில் ஆறாவது விழுந்ததும், “முடிஞ்சுது, ஆறு” என்று கண்ணை மூடிக்கொண்டார். ஐம்பது, நாற்பத்தேழு, நாற்பத்து நான்கு. நாற்பத்தொன்று புள்ளி மூன்றில் கட்டில் ஒரு நொடி நின்றது. பிறகு தலைப்பக்கமும் கால்பக்கமும் அவசரமே இல்லாமல் மேலே எழுந்து ஒன்றையொன்று சந்தித்துக்கொண்டன. மேலே ஒரு பக்கம் அத்தானின் தலைமுடி தெரிந்தது. மறுபக்கம் சாம்பல் நிறக் காலுறை இரண்டு. அடிபட வாய்ப்பில்லை, இரண்டு பக்கமும் மெத்தை. அதையும் நான் முன்பே கணக்கிட்டிருந்தேன். மணி மூன்று பத்து.

“மச்சான்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “இது என்ன?”

“ஏழாவது அத்தான்.”

காலுறைகள் இரண்டும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டன. யோசிக்கிறார் என்று நினைத்தேன்.

“மோட்டார் கோளாறு” என்றார்.

“மோட்டார் நல்லா இருக்கு அத்தான். நீங்க இப்ப ரெண்டு வழி சந்திக்கிற இடத்தைத் தாண்டி அந்தப் பக்கம் வந்துட்டீங்க.”

“அப்ப இது ஆறாவதோட மிச்சம். சரி, என்னை வெளியில எடு.”

எந்தப் பக்கம் திறந்தால் பாதுகாப்பு என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். மடிக்கணினியைத் திறந்து, இரண்டு மாதத்துக்கு முன்பே போட்டு முடித்திருந்த கணக்கை மறுபடியும் ஓடவிட்டேன். ஒரு முக்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அறை அமைதியாக இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்து பேசிக்கொண்டது அன்றைக்குத்தான்.

“எத்தனை அத்தான்?”

“ஆறு.”

பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டேன். நான் குரலை உயர்த்தவே இல்லை. ஒரு தடவை அவர் கொஞ்சம் இளகி, “ஒருவேளை…” என்று ஆரம்பித்தார். நான் முக்காலியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டேன். “சொல்லுங்க அத்தான்” என்றேன். “ஆறரைன்னு வேணா வெச்சுக்கோ” என்றார். மாறுநிலை மதிப்புகளை எண்ணும்போது அரை என்று ஒன்று கிடையாது. அதை அவருக்குப் பொறுமையாக விளக்கினேன்.

இதற்கிடையில் அவர் சட்டைப்பையில் கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. அவரால் கையை எடுக்க முடியவில்லை. அடுத்து என் கைபேசி அடித்தது. அக்கா. எனக்கு அவளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. எடுத்தால் குரலில் ஏதாவது தெரிந்துவிடும் என்று ஒரு செய்தி அனுப்பினேன். எங்கள் சோதனைப் பதிவேட்டில் தினமும் எழுதுகிற நடைதான் கைக்கு வந்தது. ‘பதினோராம் எண் கட்டில் பன்னிரண்டு முறை மடிந்தது’, ‘தலைப்பக்கம் தானாக மடிந்தது’ என்று பதினொரு வருடமாக எழுதுகிறேன். எனவே இப்படி அனுப்பினேன்: ‘அத்தான் 3.10க்கு மடிந்தார். வலி இல்லை. நாலு மாதமாக எதிர்பார்த்ததுதான். மற்றவை நேரில்.’

அனுப்பியபோது அதில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. கட்டில் செய்கிற இடத்துக்கு வெளியே, ஒரு மனிதர் மடிந்தார் என்றால் சனங்கள் என்ன புரிந்துகொள்வார்கள் என்பது என் ஞாபகத்துக்கே வரவில்லை. அக்கா பதில் போடவில்லை. முதலாளி அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள்.

சுமார் நான்கு மணிக்குப் பட்டறையில் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. சுவரில் இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. முதலாளி அம்மாவின் குரல். தாங்க முடியாத செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றார்.

“யாருடா மச்சான்?” என்றார் அத்தான் உள்ளேயிருந்து.

“தெரியல அத்தான்.” இதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

“நமது உற்பத்தி மேலாளர்” என்று ஒலிபெருக்கி சொன்னதும் அத்தானின் காலுறைகள் இரண்டும் விறைத்து நின்றன. பிறகு அவர் சத்தமே போடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். தன்னைப் பற்றி அவ்வளவு நல்ல வார்த்தைகளை அவர் உயிரோடு இருந்தபோது, அதாவது அதற்கு முன்பு, கேட்டதில்லை. எல்லோரிடமும் விட்டுக்கொடுத்துப் போகிறவர், பிடிவாதம் என்பதே அறியாதவர் என்றார் அம்மா. “நம் நிறுவனத்துக்கு ஆறு பூட்டுக் கட்டிலைத் தந்துவிட்டுப் போயிருக்கிறார்” என்று முடித்தார்.

“கேட்டியா?” என்றார் அத்தான். “ஆறு.”

அதற்குப் பிறகு இரண்டு நிமிட மௌனம். அத்தானும் கடைப்பிடித்தார்.

உண்மையைச் சொல்லி எல்லாவற்றையும் நிறுத்த எனக்கு அப்போதுகூட நேரம் இருந்தது. கதவு பத்தடி தூரத்தில்தான் இருந்தது. ஆனால் தன் இரங்கல் கூட்டத்தையே கேட்ட மனிதர் மனம் மாறக்கூடும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. “இப்ப சொல்லுங்க அத்தான், எத்தனை?” என்று கேட்டேன். அவர் அதே எண்ணைச் சொன்னார்.

நாலே முக்காலுக்குக் கதவு திறந்தது. முன்னால் அக்கா, வழியெல்லாம் அழுதுகொண்டு வந்த முகம், தலை கலைந்து கிடந்தது. பின்னால் முதலாளி அம்மா கையில் பெரிய மலர்வளையம். அதற்குப் பின்னால் ஃபிட்டரும் பட்டறை முழுவதும். மூடிக் கிடந்த கட்டிலையும் மேலே தெரிந்த முடியையும் பார்த்து அக்கா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். “நல்லாத்தானே காலையில போனீங்க, ஒரு வார்த்தை சொல்லாம இப்படிப் பெட்டிக்குள்ள…” என்று அவள் ஆரம்பித்ததும் பட்டறையே தேம்பியது.

“யாரு, நீயா?” என்றது கட்டில். “செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா. டெஸ்ட் ரூம் இது.”

மலர்வளையம் கீழே விழுந்தது. அக்கா அழுகையை நிறுத்திவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று செருப்பைக் கழற்றினாள். பிறகு எழுந்து வந்து கட்டிலைச் சுற்றிப் பார்த்தாள். என் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கைப்பிடி இருந்தது. அதன் மேல் ‘திறக்க இழுக்கவும்’ என்று கட்டை விரல் அளவு எழுத்தில் எழுதியிருந்தது. எட்டாவது வரை படித்த அக்கா அதைப் படித்தாள், இழுத்தாள். கட்டில் விரிந்தது.

“இதை ஏண்டா நீ இழுக்கல?” என்றாள் என்னிடம்.

“கணக்கு இன்னும் முடியல அக்கா” என்றேன். என் மடிக்கணினியில் பச்சை எழுத்தில் ‘முடிந்தது’ என்று மூன்று இருபதிலிருந்தே மின்னிக்கொண்டிருந்தது. அக்கா அதையும் படித்தாள். அதற்குப் பிறகு அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. இன்றைக்குப் பதினாறு நாள் ஆகிறது. கூப்பிட்டால் எடுப்பதில்லை. அவள் பேசாத வீடு எனக்கு வீடாக இல்லை. இந்த விவகாரத்தில் எனக்கு உண்மையாக வலிக்கிற இடம் அதுதான்.

அத்தான் எழுந்து உட்கார்ந்து முடியைக் கோதிக்கொண்டார். முதலாளி அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அத்தான் அதைக் காதில் வாங்காமல் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார்.

“இதுல மட்டும் போடலையா நீ?” என்றார் ஃபிட்டரிடம்.

“போட்டேனே ஐயா. நீங்க சொன்ன மாதிரியே நானூத்துக்கும் போட்டாச்சு. இதுலதான் முதல்ல போட்டேன்.”

நாற்பத்தொன்று புள்ளி மூன்று உயரத்தில், சட்டத்தின் உட்பக்கம், நான்கு திருகாணித் துளைகள் காலியாக இருந்தன. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். ஒரே ஒரு கட்டிலில் மட்டும் ஏழாவது பூட்டு எப்படி இல்லாமல் போனது என்று வக்கீல் ஐயா கேட்டிருக்கிற கேள்வி இதுதான். இதற்கு நான் இதுவரை பதில் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஒத்திகை நாள் காலை எட்டரை மணிக்கு நான் சோதனை அறைக்குப் போனேன். கட்டிலை ஒரு தடவை சரிபார்த்துவிடலாம் என்று அடியில் குனிந்தேன். பூட்டுகளை எண்ணினேன். ஏழு இருந்தன. முதலில் நம்பாமல் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். கடைசிப் பூட்டு புதிதாக, எண்ணெய் மினுக்கோடு, சரியான உயரத்தில், ஒரு மயிரிழை பிசகாமல் இருந்தது. கூட்டத்தில் என்னைக் கிண்டல் செய்துவிட்டுப் போன மனிதர், மனம் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல், என் கணக்கை எடுத்துப் பார்த்து எல்லாக் கட்டிலுக்கும் போடச் சொல்லியிருக்கிறார். எந்தத் தாத்தாவும் மாட்டிக்கொள்ள மாட்டார் என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

எங்கள் பூட்டு ஒவ்வொன்றின் மேலும் சின்னதாக ஒரு தகடு ஒட்டியிருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு வரைக்கும் எண் போட்டிருக்கும். இந்தப் புதுப் பூட்டின் தகட்டில் எண் இல்லை. அத்தான் தன் கையெழுத்தில் ‘உபரி’ என்று எழுதியிருந்தார்.

நான் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு திருப்புளியை எடுத்து, நான்கு திருகாணிகளையும் கழற்றி, பூட்டை என் மேசை இழுப்பறையில் ஒரு உறைக்குள் வைத்தேன். அது இப்போதும் அங்கேதான் இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தகட்டில் ‘ஏழு’ என்று மட்டும் எழுதியிருந்தால், அத்தான் அன்றைக்கு ஐந்தரை மணி வண்டியில் ஏறி ஒழுங்காக வீட்டுக்குப் போயிருப்பார்.